சமாதானக் கூட்டம், காலை பதினொரு மணி

சமாதானக் கூட்டம் நடத்துகிற வேலையில் பாதி, நாற்காலி போடுவது. மீதிப் பாதி, போட்ட நாற்காலியை யாரும் தலைக்கு மேலே தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது.

தாமிரபரணிக் கரையோரத் தாலுகா ஆபீஸ்களில் துணைத் தாசில்தாராகவும் பிறகு தாசில்தாராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பட்டா மாறுதல், வருமானச் சான்றிதழ், வெள்ளம் வந்தால் நிவாரண அரிசி என்று எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த வேலையும் எங்கள் தலையில்தான். ஊரில் எங்காவது முறுக்கிக்கொண்டால் இரண்டு தரப்பையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, பேசி, கை கலக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். அபார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், இரண்டு மருமகள் உள்ள வீட்டில் மாமியாராக இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. நம்மைப் போல மாட்டிக்கொண்டவள் இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்களின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போட வேண்டிவரும்.

வலது பக்கம் யார்?

அம்மன் கொடைத் திருவிழாவில் சாமி சப்பரம் முதலில் மேலத்தெருவுக்குப் போக வேண்டுமா, கீழத்தெருவுக்குப் போக வேண்டுமா என்று ஒரு ஊரில் தகராறு. நோட்டீஸ் அனுப்பினேன். இரு தரப்பும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சண்டை என்றால் நம் ஆட்கள் நேரம் தவறமாட்டார்கள். எதிரெதிரே நாற்காலி போட்டிருந்தது. "அவுக மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரமாட்டோம்" என்றார்கள். சரி என்று பள்ளிக்கூடம் மாதிரி எல்லா நாற்காலியையும் என்னைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னேன். இப்போது யார் வலது பக்கம் என்ற கேள்வி வந்தது. மேலத்தெருத் தலைவர் சங்கரபாண்டியன் வலது பக்கம் போனார். கீழத்தெருத் தலைவர் இசக்கிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டு, "நாங்க இடது பக்கம் உக்காந்தா சப்பரம் ரெண்டாவதாத்தான் வரும்னு ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆயிரும்?" என்றார்.

கடைசியில் இரு தரப்பும் நின்றுகொண்டே பேசினார்கள். நானும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. மதியம் வரை நின்று பேசி, ஒரு வருடம் மேலத்தெரு, மறு வருடம் கீழத்தெரு என்று முடிந்தது. இந்த முடிவை அவர்கள் டீக்கடையில் நின்றே எடுத்திருக்கலாம்.

கால் வலியோடு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டோம் என்றவர்கள் ஒரே ஷேர் ஆட்டோவில், ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லுமளவுக்கு நெருக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் வெளியே போய், "இது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டே விட்டேன். இசக்கிமுத்து தலையை வெளியே நீட்டி, "பஸ்ஸு போயிட்டுல்லாம்மா. சண்டை வேற, பஸ்ஸு வேற" என்றார்.

பயிற்சி வகுப்பில் சொன்ன முறை

சென்னையில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். 'அமைதி என்றால் அவர்களுக்கு என்ன என்பதை முதலில் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்' என்றார் வகுப்பெடுத்தவர். நல்ல யோசனையாகப் பட்டது. ஊருக்குத் திரும்பியதும் முதலில் மாட்டியவர்கள் பொதுச் சந்துக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி. இருவர் மனுவிலும் 'எங்களுக்கு அமைதி வேண்டும்' என்று இருந்தது.

"அமைதின்னா உங்களுக்கு என்ன?" என்று அண்ணனைக் கேட்டேன். "அவன் பேசாம இருக்கணும்" என்றார். தம்பியைக் கேட்டேன். "அவரு பேசாம இருக்கணும்" என்றார். "அப்போ ரெண்டு பேரும் பேசாம இருங்க, ரெண்டு பேருக்கும் அமைதி கிடைச்சுரும்" என்றேன். வகுப்பில் கைதட்டு வாங்கியிருக்கக்கூடிய பதில். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் எதுக்கும்மா பேசாம இருக்கணும்? நான் நல்லதுல்லா பேசுதேன்?"

அமலை

எங்கள் பக்கத்துக் கால்வாய்களில் அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, மண்டிக் கிடக்கும். பூவைப் பார்த்தால் அழகாக இருக்கும். தண்ணீரை ஒரு அடி நகரவிடாது. ஒரு கால்வாயில் தலைமடைக்காரர்களுக்கும் கடைமடைக்காரர்களுக்கும் இதனால் ஆகாது. அமலை கிடப்பது நடுவில் ஒரு பாலத்தடியில். "எங்களுக்குத்தான் தண்ணி வருதே, நாங்க ஏன் இறங்கணும்?" என்பது தலைமடை. "அவுகதான அடைச்சு வச்சிருக்காக, அவுகளே எடுக்கட்டும்" என்பது கடைமடை. கார் சாகுபடிக்கு ஒரு கூட்டம், பிசானச் சாகுபடிக்கு ஒரு கூட்டம் என்று என் சர்வீஸில் பாதி இந்தப் பாலத்தடியிலேயே போனது.

தலைமடைக்குப் பேசுகிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார், அருணாசலம் பிள்ளை. குடும்ப நிலம். ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவார். கடைமடைக்கு வெள்ளைப்பாண்டி. அவருக்கு முற்றுப்புள்ளி என்பதே கிடையாது. ஒருமுறை இருவரையும் ஜீப்பில் ஏற்றிப் பாலத்துக்கே கூட்டிப்போனேன். நேரில் பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்தேன். வெயிலில் நின்று அமலை யார் காலத்தில் வந்தது என்று சண்டை போட்டார்கள். நான் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. பாலத்தடியில் அடைத்த தண்ணீர் கீழே போக வழியில்லாமல் பின்னுக்கு ஏறி வாத்தியாரின் நாற்றங்காலுக்குள்ளேயே புகுந்துவிட்டது. விதைத்த நாற்று மூழ்கிக் கிடக்கிறது. தலைமடையில் இறங்கி வேலை செய்ய நாலு ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் பெங்களூரில். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளைப்பாண்டி வீட்டுக்கு நடந்தே போனாராம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. கிராம உதவியாளர் போனில் சொல்லி நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பக்கத்து ஆட்களும் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று அமலையைப் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார்கள். வாத்தியார் கரையில் நின்று எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் சலசலவென்று கீழே ஓடியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. 'இரு தரப்பும் இணைந்து தூர்வாரினர்' என்று கலெக்டர் ஆபீஸுக்கு அறிக்கை எழுத மனசு நிறையச் சந்தோஷத்தோடு கிளம்பினேன். வெள்ளைப்பாண்டி சேற்றுக் காலோடு ஜீப் வரைக்கும் ஓடிவந்தார். "சேந்துதாம்மா செய்தோம். ஆனா சேந்து செய்தோம்னு எழுதிராதீக, அடுத்த தடவ நாங்களே வந்து செய்யணும்பாக."

நல்லிணக்கப் பேனர்

ஒரே வாரத்தில் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி மூன்றும் வந்து விழுந்த ஊர் ஒன்று உண்டு. மைக் செட் நேரம் பிரிக்கக் கூப்பிட்டிருந்தேன். கோயிலுக்கு நமச்சிவாயம் என்கிற ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். மாதா கோயிலுக்கு அந்தோணி அண்ணாச்சி, கடற்கரையிலிருந்து வந்து மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர். பள்ளிவாசலுக்குக் காசிம் பாய். காயல்பட்டினத்துக்காரர், இங்கே துணிக்கடை. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று விட்டுக்கொடுத்ததில் மைக் நேரம் மிச்சமே விழுந்தது. டீ கூட வந்து சேரவில்லை. என் சர்வீஸில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை.

அப்போதுதான் யாரோ, "நம்ம ஒத்துமையைக் காட்டி ஊர் முகப்புல ஒரு பேனர் வச்சா என்ன?" என்றார்கள். மூன்று சின்னத்தில் எது நடுவில் வருவது என்று ஆரம்பித்தது. பெயர் அகரவரிசையில் போடலாம் என்றார் அந்தோணி அண்ணாச்சி. அவருக்கு 'அ'. வயது வரிசையில் போடலாம் என்றார் நமச்சிவாயம். அவருக்குத்தான் வயது. வட்டமாகப் போட்டால் முதலும் இல்லை கடைசியும் இல்லை என்றார் காசிம் பாய். வட்டத்துக்கு உச்சியில் யார் என்று மறுபடி கிளம்பியது. டீ வந்து ஆறி ஆடை படிந்தது. பேனரே கூடாது என்று நான் மேஜையைத் தட்டிய பிறகுதான் அடங்கினார்கள். வெளியே போகும்போது காசிம் பாய் மட்டும் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பேனர் மட்டும் வைக்காம இருந்தா, இன்ஷா அல்லாஹ், நாங்க எப்பவும் ஒத்துமையாத்தாம்மா இருப்போம்."

சத்தமே இல்லாதவர்கள் மேல் ஒரு புகார்

மலை மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி, அங்கிருந்து குடும்பங்கள் கீழே இறங்கி வந்த சமயம். அடுக்குக் குடியிருப்பில் அவர்களில் சிலருக்கு வீடு கிடைத்திருந்தது. கொஞ்ச நாளில் அங்கே முன்பே இருந்தவர்களிடமிருந்து ஒரு மனு. என்ன புகார் தெரியுமா? புதிதாக வந்தவர்கள் சத்தமே போடுவதில்லை, தண்ணீர்க் குழாயில் வரிசையாக நிற்கிறார்கள், எதைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள், மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. தெளிவான தமிழில் எழுதி, நிறையப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இதற்கும் ஒரு கூட்டம் போட்டேன். வேறு என்ன செய்ய? மலையிலிருந்து வந்தவர்கள் சார்பில் ஜெயமேரி என்றொரு பெண். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்த விரல்கள் கறுத்துக் காய்த்துப் போயிருந்தன. மனுவைப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஊர் விட்டு, மலை விட்டு, பனி விட்டு வந்தவருக்கு இதற்குமேல் கோபப்படத் தெம்பு இல்லையோ என்னவோ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேல பக்கத்து வீட்டோட சண்டை போட நேரமே கெடையாதும்மா. ராத்திரி காட்டுமாடு வந்தா அவுகதான வெளக்கு எடுத்துக்கிட்டு வரணும்? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, இங்கன உள்ள மாதிரி சண்டை போடப் பைய படிச்சுக்கிடுதோம்."

மாடி வீட்டு மோட்டார்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தொட்டி நிரம்பி எங்கள் துணியெல்லாம் நனையும். என் கணவர், "ஊர்ச் சண்டையெல்லாம் தீக்குதியே, இதத் தீரு பாப்போம்" என்றார். நான் மாடி ஏறிப் போய், இரு தரப்பு நலனையும் கருத்தில் கொண்டு, சுமுகமான சூழலில், மோட்டார் இயக்கும் நேரத்தை வரையறை செய்துகொள்ளலாம் என்று பதமாகத்தான் ஆரம்பித்தேன். அந்த வீட்டுப் பெண் ராஜேஸ்வரி கரண்டியோடு நின்று பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அக்கா, ஆபீஸ்ல பேசுத மாதிரி பேசாதீக, பயமா இருக்கு. மோட்டார அமத்துன்னு ஒரு சத்தம் போட்டா அமத்திருவேம்லா?"

டிராக்டர்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஆற்றோரம் ஒரு ஊர். பெரிய தெரு என்றும் தெற்கூர் என்றும் இரண்டு பகுதி. தெற்கூரில் ஒருவர் இறந்தால், சுடுகாட்டுக்குப் பெரிய தெரு வழியாகப் போகக்கூடாது என்பது பழைய வழக்கம். வயலில் இறங்கி, சேற்றிலும் தண்ணீரிலும் சுமந்துகொண்டு சுற்றிப் போக வேண்டும். தெருவோ பஞ்சாயத்துச் சாலை, அரசாங்கம் போட்டது. தெற்கூரில் முத்தையா என்பவர் இறந்துபோனார். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் செல்வி பாளையங்கோட்டையில் நர்ஸ். அப்பாவைத் தெரு வழியாகத்தான் எடுப்போம் என்று அவள் சொல்லிவிட்டாள். தகவல் வந்து நானும் இன்ஸ்பெக்டரும் போனபோது நடுப்பகல். பெரிய தெரு முகப்பில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றது. அதன் பின்னால் ஆட்கள்.

தெருப் பெரியவர்கள் மிக மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். "எங்களுக்குச் சண்டை வேண்டாம்மா. ஊர் அமைதியா இருக்கணும். இன்னைக்கு மட்டும் வழக்கம்போலக் கொண்டுபோகட்டும், அடுத்த வாரம் கூட்டம் போடுங்க, வாறோம்." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெற்கூருக்கு நடந்து போய்ச் செல்வியிடம் அவர்கள் சொன்னதைச் சொன்னேன். அவள் அழவில்லை. "எங்க அம்மா போனப்போ முழங்கால் தண்ணியில தூக்கிட்டுப் போனாக. ஒருத்தர் வழுக்கி விழுந்து, அம்மாவும் சேத்துக்குள்ள விழுந்தா. அன்னைக்கும் ஊரு அமைதியாத்தான் இருந்துச்சு. அந்த அமைதியவா கேக்குதீக?"

நான் திரும்பி வந்து, இது பொதுச்சாலை, ஊர்வலம் இந்த வழியாகத்தான் போகும், மறித்தால் வழக்கு என்று சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கூடுதல் ஆட்களுக்குப் போன் பேசத் தொடங்கினார். ஒரு கல் விழுந்தால் போதும், அப்புறம் வருஷக்கணக்கில் சண்டை நிற்காது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் வந்து டிராக்டரில் ஏறினார். பேச்சிமுத்து. பெரிய தெருக்காரர், டிராக்டரின் சொந்தக்காரர், அவரும் பழைய மில் ஆள்தான். "ஏலே, இறங்கு" என்று அவருடைய சொந்தச் சித்தப்பாவின் மகனே சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றான். பேச்சிமுத்து என்ஜினைப் போட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "மில்லுக்கு நானும் முத்தையாவும் ஒண்ணாத்தான் சைக்கிள்ல போவோம், வருவோம். ஊருக்குள்ள வரையில மட்டும் அவன் இறங்கிச் சுத்திப் போவான், நான் இந்தத் தெரு வழியா வருவேன். இன்னைக்கு அவன் சுத்திப் போகமாட்டான், விலகுங்க வே!"

பேசாத தெரு

முத்தையா தெரு வழியாகப் போனார். கல் விழவில்லை. ஆனால் பேச்சிமுத்துவின் கஷ்டம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. தெருவில் அவரிடம் யாரும் பேசுவதில்லை. கொடைக்கு அவரிடம் வரி வாங்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கடையில் சாமான் கொடுப்பார்கள், வாய் திறக்கமாட்டார்கள். ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். மெலிந்திருந்தார். "ஏதாவது மிரட்டுறாங்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா. திட்டினாக்கூடப் பரவாயில்ல. சும்மா இருக்காக. என் பொண்டாட்டி சுவத்தப் பாத்துப் பேசுதா" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம். தெருக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. நானும் அவரும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேசாமல் இருப்பவனைப் பேசு என்று சொல்ல எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

பிசானத்துக்கு மழை வந்தது. அந்த ஊரில் சேற்றுழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டிய வண்டி பேச்சிமுத்துவுடையது ஒன்றுதான். வெளியூர் வண்டிகள் எல்லாம் அவரவர் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தன. முதலில் தெருப் பெண்கள் கொல்லைப்பக்கமாக வந்து அவர் மனைவியிடம் கேட்டார்களாம். பேச்சிமுத்து மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் வண்டியை எடுத்தார். தெற்கூர்க்காரர்கள் குத்தகைக்குப் பார்க்கிற வயலையும் உழுதார், பெரிய தெரு வயலையும் உழுதார். வரப்பில் நின்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டுவதற்காவது வாயைத் திறக்க வேண்டியிருந்தது. அப்படியே கஞ்சி குடித்தீரா என்பதுவரை வந்துவிட்டது.

உழவு நிலவரம் பார்க்க அந்தப் பக்கம் போனபோது நானே கண்டேன். சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்ற அந்தச் சித்தப்பா மகனின் வயலில்தான் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வரப்பில் நின்று தூக்குவாளியை நீட்டினான். அதற்குள் தெற்கூரில் இன்னொரு சாவும் நடந்திருந்தது. அது தெரு வழியாகப் போனதே எனக்குப் பிறகுதான் தெரியும். கூட்டம் கேட்டு எவரும் வரவில்லை. நான் வரப்பில் நின்று கை தட்டிக் கூப்பிட்டு, "என்ன அண்ணாச்சி, சமாதானம் ஆயிட்டா?" என்று கேட்டேன். பேச்சிமுத்து வண்டியை நிறுத்தாமலே, முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சமாதானமெல்லாம் ஒண்ணும் ஆகலம்மா, உழவு ஆகியிருக்கு."

அமைதி என்றால் என்ன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது; நாளைக்கும் இதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும் என்கிற நினைப்பு இரண்டு பக்கத்துக்கும் ஒரே சமயத்தில் வந்து சேருவதற்குள், நடுவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடுகிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.